முதலில் லேபிள், பிறகு டேப்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் 80 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கும் இளைஞர் கேட்டிருக்கிறார்: "மருந்தகத்துக்கும் வார்டுகளுக்குமாக ஆறு டேப் கணினி வாங்கித் தர நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. எந்தெந்தச் செயலிகள் வேண்டும் என்று என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள். பார்கோடு வைத்து மருந்து கொடுக்கும் முறை நம் பக்கத்தில் நடக்குமா? இரவில் டாக்டர்கள் மருந்துச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை நம்பி மருந்து கொடுக்கலாமா? பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் கைபேசியைத் தடவுகிறார்கள், விடுவதா, தடுப்பதா?"

பட்டியலை இந்த வாரம் கொடுக்காதீர்கள். செயலிகளின் பெயரை எழுதித் தருவது ஐந்து நிமிட வேலை. நிர்வாகமும் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு அந்த டேப்புகளில் பாதி, ஓராண்டுக்குள் மேசை இழுப்பறையில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும். பாளையங்கோட்டையில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவன் நான். அப்படிக் கிடக்கும் கருவிகளைப் பல இடங்களில் பார்த்தபிறகுதான் சொல்கிறேன்.

பட்டியலுக்கு முன்னால், ஒரே ஒரு மருந்தின் பின்னாலேயே ஒரு நாள் நடந்து பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து மொத்த விற்பனையாளரின் வண்டியில் வரும் பெட்டி உங்கள் ஸ்டோரில் இறங்குகிறது. ஸ்டோரிலிருந்து மருந்தக அலமாரிக்குப் போகிறது. அங்கிருந்து இண்டென்ட் படி, அதாவது வார்டு எழுதிக் கேட்கும் பட்டியல்படி, வார்டுக்கு. வார்டில் சிஸ்டர் கையிலிருந்து நோயாளிக்கு. வீட்டுக்குப் போகும் நாளில் நோயாளியின் பையிலிருந்து அவர் மகளின் கைக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் ஒரு பெயரை வாசிக்கிறார். நான் பார்த்த மருந்துப் பிழைகளில் பெரும்பாலானவை அந்த வாசிப்பில் நடந்தவை. ஒரு கருவி அந்த வாசிப்பைக் கெட்டிப்படுத்துமானால் தயங்காமல் வாங்கலாம். மற்றதெல்லாம் அலங்காரம்.

இதில் விற்க வருகிறவர்கள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கருவிக்குத் தானாக எந்தப் பெயரும் தெரியாது. நீங்கள் உள்ளே எழுதிவைத்த பெயரைத்தான் அது திருப்பிச் சொல்லும். உங்கள் கணினியில் மருந்துப் பட்டியலைத் திறந்து 'ஹெப்பாரின்' என்று தட்டிப் பாருங்கள். நம் நாட்டில் ஹெப்பாரின் 5 மில்லி குப்பியாக இரண்டு வலிமைகளில் வருகிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், குப்பி முழுவதும் 5,000. மற்றொன்றில் மில்லிக்கே 5,000, குப்பி முழுவதும் 25,000. பட்டியலை உருவாக்கியவர் அவசரத்தில் இரண்டையும் 'ஹெப்பாரின் 5000 இன்ஜெக்ஷன்' என்று ஏற்றியிருக்கலாம். ஒன்றில் குப்பியின் அளவு, மற்றொன்றில் மில்லியின் அளவு. குப்பிகள் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த டேப் வைத்திருந்தாலும் இந்த இரண்டு வரிகளில் ஒன்றைத்தான் சிஸ்டரின் விரல் தொடும். தப்பாகத் தொட்டால் ஐந்து மடங்கு. ஆகவே முதல் செலவு பணம் அல்ல, ஆள். அனுபவமுள்ள ஒரு மருந்தாளுநரை ஒரு மாதம் கவுன்ட்டரிலிருந்து விடுவித்து இந்தப் பட்டியலைச் சீர்செய்ய உட்கார வையுங்கள். மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயரல்ல, மருந்தின் சொந்தப் பெயர்), மில்லிக்கு எவ்வளவு, குப்பி மொத்தம் எவ்வளவு, எந்த வழியில் செலுத்துவது என்ற நான்கும் எல்லா வரியிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

இன்சுலினும் அப்படித்தான். நம்மிடம் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். திரையில் வெறும் 'இன்சுலின்' என்று வந்தால் அந்தத் திரை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இனி பார்கோடு. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் மருந்து கொடுக்கும் முறை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் தொடங்கியது. கன்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் வேலை பார்த்த சூ கின்னிக் என்ற செவிலியர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஊழியர் கையடக்க ஸ்கேனரால் காரைப் பதிவுசெய்வதைக் கண்டு, காருக்கு முடிவது மருந்துக்கு முடியாதா என்று கேட்டதிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். பலன் உண்டா என்றால், உண்டு. பாஸ்டனின் பிரிகாம் அண்டு விமன்ஸ் மருத்துவமனையில் 14,041 முறை மருந்து கொடுப்பதை அருகிலிருந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் தவறுவதைத் தவிர்த்த மற்றப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்திருந்தன. நல்ல குறைவுதான்.

ஆனால் அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி உறையில், தனித்தனி பார்கோடோடு மருந்தகத்திலிருந்து புறப்பட்டது. நம் கதை வேறு. நம் மருந்தகத்தில் 15 மாத்திரை அட்டை ஒன்றிலிருந்து சிஸ்டருக்கு மூன்று மாத்திரை வேண்டும். கத்தரிக்கோல் வருகிறது. பேட்ச் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது) காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும். ஒழுங்காக வெட்டுபவர் எதிர் ஓரத்திலிருந்து வெட்டுவார், தேதி இருக்கும் துண்டு அலமாரியில் நிற்கும். அவசரக்காரர் தேதியோடு வெட்டி அனுப்பிவிடுவார். மிஞ்சிய பன்னிரண்டுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. எப்படி வெட்டினாலும் வார்டுக்குப் போகிற மூன்று மாத்திரையின் முதுகில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். இதில் எதை ஸ்கேன் செய்வது?

2023 ஆகஸ்ட் 1 முதல் அட்டையிலேயே கியூஆர் குறியீடு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. மருந்து விதிகளின் அட்டவணையில் உள்ள 300 வணிகப் பெயர்களுக்குத்தான் அது அன்று கட்டாயமானது. உள்ளுறையில் இடம் போதாவிட்டால் வெளி அட்டைப்பெட்டியில் அச்சிட்டால் போதும் என்றும் விதி இடம் கொடுக்கிறது. மூலப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்கின்றன. ஸ்டோரில் சரக்கு இறக்கும்போது அது உண்மையிலேயே உதவும். பேட்ச் எண்ணைக் கையால் தட்டும்போது எட்டுக்குப் பதில் மூன்று விழுவது நிற்கும். படுக்கையருகே வெட்டுத்துண்டுக்கு அது உதவாது.

ஆகவே நம் அளவு மருத்துவமனைக்கு வழி, மருந்தகத்திலேயே லேபிள் அச்சிடுவது. வெட்டிய மாத்திரையைச் சிறு உறையில் போட்டு, அதன்மேல் மூலப்பெயர், வலிமை, பேட்ச், காலாவதி, சதுரக் குறியீடு ஆகியவற்றோடு ஒரு லேபிள் ஒட்டி அனுப்புங்கள். எல்லா மருந்துக்கும் இதை முதல் நாளே செய்ய நினைத்தால் ஆள் போதாது. ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, வார்ஃபரின், டிகாக்சின், மயக்க மருந்துகள், குழந்தைகள் வார்டு என்று ஆபத்து மிகுந்தவற்றில் தொடங்குங்கள். தர அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் மருத்துவமனைகளிடம் அபாயம் மிகுந்த மருந்துகளின் பட்டியலை எப்படியும் கேட்பார்கள். அதே பட்டியலை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் வந்ததும் சிஸ்டர்கள் அதைச் சுற்றிப் போகும் வழிகளையும் கண்டுபிடிப்பார்கள். இதை நம் ஊர்க் குணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டவர்கள், சுற்றுவழிகளை மட்டும் பதினைந்து வகையாக எண்ணினார்கள். அவற்றுக்குக் காரணங்கள் முப்பத்தொன்று. நோயாளியின் பார்கோடை இன்னொரு பிரதி எடுத்து வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வது அதில் ஒன்று. சிஸ்டரைத் திட்டுவதில் பயனில்லை. கைப்பட்டை ஈரத்தில் அழிந்துவிடுகிறதா, வார்டின் கடைசிப் படுக்கையில் வைஃபை எட்டவில்லையா, தூங்கும் நோயாளியை எழுப்ப மனம் வரவில்லையா என்று பாருங்கள். எண்பது படுக்கைப் பழைய கட்டடங்களில் சுவர் கனமானது. டேப் வாங்குவதற்கு முன் ஒரு கைபேசியோடு எல்லாப் படுக்கையருகிலும் நின்று சிக்னல் பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் சீட்டு விஷயத்தில் என் நிலை கொஞ்சம் கறாரானது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, கையெழுத்திட்ட சீட்டின் படத்தை டாக்டர் நோயாளிக்கு அனுப்பலாம். மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றையும் தொலைமருத்துவத்தில் எழுதவே கூடாது. ஆனால் அந்த வழிகாட்டுதல் வீட்டிலிருக்கும் நோயாளிக்காக எழுதப்பட்டது. உள்நோயாளிக்குக் கேஸ் ஷீட் என்ற சிகிச்சைப் பதிவுத்தாள் இருக்கிறது; டாக்டர் சொன்னது அதில் ஏற வேண்டும், ஏறியதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். படம் ஒரு இடைக்காலச் செய்தி மட்டுமே.

படத்தில் என்னென்ன தவறும் என்று பாருங்கள். சீட்டின் மேல் பகுதி வெட்டுப்பட்டு நோயாளியின் பெயர் போய்விடும். புள்ளியின்மேல் விரல் நிழல் விழுந்து 2.5 என்பது 25 ஆகிவிடும். டாக்டர் கையால் எழுதாமல் தட்டச்சு செய்தால், கைபேசி தனக்குத் தெரிந்த சொல்லாக மருந்தின் பெயரைத் திருத்தி வைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் நம் ஊரில் பெயர். ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள், ஒரு சுடலைமுத்து, அவர் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சுடலைமுத்து இருப்பது சர்வ சாதாரணம். 'இசக்கியம்மாளுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்' என்று செய்தி வந்தால் எந்த இசக்கியம்மாளுக்கு?

அதனால் இப்படி ஒரு ஒழுங்கு வையுங்கள். தட்டச்சுச் செய்தியை ஏற்பதில்லை. முழுச் சீட்டின் படம் மட்டும். படத்தில் உள்நோயாளி எண் தெரிய வேண்டும். மருந்தாளுநர் உடனே டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, "எண் இது, இசக்கியம்மாள், வயது அறுபது, முக்கூடல், மருந்து இது, அளவு இவ்வளவு, சரிதானா டாக்டர்?" என்று வாசித்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணை மறந்தாலும் எங்கள் பக்கத்தில் ஊர் மறக்காது. அழைப்பை எடுக்காத டாக்டரின் சீட்டுக்கு, அவசர உயிர்காப்பு மருந்து தவிர மற்றது காத்திருக்கும். காலை ரவுண்டில் கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஹெப்பாரின், இன்சுலின் போன்றவற்றைப் படத்தை மட்டும் வைத்துக் கொடுப்பதில்லை. செய்தி வரும் கைபேசி மருத்துவமனையினுடையதாக இருக்கட்டும், உங்களுடையதல்ல. உங்கள் சொந்தக் கைபேசியில் நோயாளியின் சீட்டும், மனைவி குழந்தையின் படமும் ஒரே தொகுப்பில் கிடந்தால், பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் அதைப் புரட்டிக்கொண்டிருப்பான். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்துவிட்ட காலம் இது.

சில ஆன்டிபயாடிக் போன்றவை அடங்கிய அட்டவணை எச்1 மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதிய டாக்டரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டி அந்தப் பதிவேடு என்று சொல்ல முடியாது.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கைபேசியில் தேடுவதை நான் தடுக்கமாட்டேன். தடித்த நூலைத் தூக்கிக்கொண்டு ரவுண்டு போகச் சொல்வது இந்தக் காலத்தில் வீம்பு. எதில் தேடுகிறார்கள், என்ன எண்ணை உள்ளே போடுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துக் கையேடு நம் நடைமுறைக்குப் பொருந்துவது. பிரிட்டிஷ் கையேட்டின் செயலியும் நன்று. அமெரிக்கச் செயலிகளில் பெயர் மாறும்: பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அங்கே அல்புட்டரால், கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. நம் பெயரைத் தட்டி 'முடிவு இல்லை' என்று வந்ததும், 'மற்ற மருந்தோடு எதிர்வினை இல்லை' என்று எழுதிவைத்த பிள்ளைகள் உண்டு.

கணக்குச் செயலிகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 72, எடை 48 கிலோ, சிறுநீரகம் வடிக்கும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.4 மில்லிகிராம். ஆய்வகத் தாளைப் பார்த்தால் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று கணிக்கும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போடுங்கள். 140லிருந்து வயதைக் கழித்தால் 68. அதை 48ஆல் பெருக்கி, 72ஐ 1.4ஆல் பெருக்கி வந்த 100.8ஆல் வகுத்தால் 32.4. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் 27.5. சிறுநீரகம் நிமிடத்துக்கு முப்பது மில்லிக்குக் கீழே வேலை செய்கிறது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் எனாக்சபாரின் சிகிச்சை அளவை, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என்பதிலிருந்து ஒருமுறையாகக் குறைக்க வேண்டிய இடம் இது. இந்தக் கணக்கைக் கைபேசி அரை நொடியில் தந்துவிடும், அதுதான் அதன் பெருமை.

அதே செயலியில் எடைக்கான அலகு பவுண்டு என்று இருந்து, அதைக் கவனிக்காமல் 48 என்று தட்டினால் விடை ஏறக்குறைய 12.5 வரும். சிரிக்கவைக்கும் எண்ணாக வந்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். கிரியேட்டினினை வேறு அலகில் போட்டால் 2,400க்கு மேல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். 12.5 அப்படியல்ல. நம்பத்தக்க முகத்தோடு வந்து நிற்கும், தேவையான மருந்தையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே மருத்துவமனைக்கென்று ஒரே கணக்குச் செயலியைத் தேர்ந்தெடுத்து, அலகுகளைப் பூட்டி, எல்லோரும் அதையே பயன்படுத்தச் செய்யுங்கள். பிள்ளைகளை ஒரு முறையாவது இந்தக் கணக்கைத் தாளில் போட வையுங்கள். விடை எந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் கைபேசி துணை.

மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள எதிர்வினையைச் சொல்லும் செயலிகள் எதற்கெடுத்தாலும் சிவப்பு விளக்கு எரிப்பவை. கணினி தரும் மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. உங்கள் மென்பொருளில் எல்லா எச்சரிக்கையையும் திறந்துவைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான சிலவற்றை மட்டும் வைத்து, மற்றதை மருந்தாளுநரின் திரைக்கு மட்டும் அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மருந்தின் அளவைக் கேட்பதைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கம்: எங்கே தேடலாம் என்று கேளுங்கள், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்காதீர்கள். நோயாளியின் பெயரை அதில் தட்டவே வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியில் அது இல்லை. பணம் உருப்படியாகச் செலவாகும் இடங்களில் முதன்மையானது அதுதான். இன்சுலின், தடுப்பூசி, பல உயிரியல் மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுதும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய் விடியுமுன் திரும்பினால் அந்தத் தாளில் ஒன்றும் தெரியாது. அரசு தடுப்பூசிக் கிடங்குகளில் 2015இல் தொடங்கிய ஈவின் திட்டம் இந்த வேலையைக் கருவியிடம் கொடுத்தது. வெப்பப் பதிவி பெட்டிக்குள் இருக்கும், எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகும், இருப்பையும் அவர் கைபேசியிலேயே ஏற்றுவார். அதே தத்துவத்தில் இயங்கும் பதிவிகள் தனியாருக்கும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் முன்கூட்டித் தீர்மானியுங்கள்: இரவில் எச்சரிக்கை யாருடைய கைபேசியில் மணியடிக்கும்? மேலாளர் பெயரில் பதிவுசெய்துவிட்டு அவர் வீட்டில் ஒலியை அணைத்துவிட்டுத் தூங்கினால், மறுநாள் எந்த நேரத்திலிருந்து மருந்து கெட்டது என்ற துல்லியமான வரைபடம் மட்டும் உங்களுக்கு மிஞ்சும். இரவுப் பணியில் இருப்பவரின் மேசையில் இருக்கும் கைபேசிக்கே போகட்டும்.

வீட்டுக்குப் போகும் நோயாளியிடம்தான் கைபேசி நிஜமாகவே வேலை செய்கிறது. விற்பனையாளர்கள் காட்டும் நினைவூட்டல் குறுஞ்செய்தியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பதிவேட்டில் உள்ள எண் பெரும்பாலும் சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையது. அங்கே அவன் கைபேசி 'மாத்திரை சாப்பிடும் நேரம்' என்று ஒலிக்கும். இங்கே கடையத்தில் ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருப்பார். பாபநாசம் மலையில் இஞ்சிக்குழி போன்ற காணி மக்கள் குடியிருப்பிலிருந்து வருகிறவருக்குக் குறுஞ்செய்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரிய எழுத்தில் 'காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று தமிழில் அச்சிட்ட லேபிள் இவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நான் பரிந்துரைப்பது இரண்டு. ஒன்று, டேப்பில் இன்ஹேலர் இழுக்கும் முறையையும் இன்சுலின் பேனா போடும் முறையையும் உங்கள் மருத்துவமனையிலேயே, உங்கள் பேச்சிலேயே படமெடுத்து வைத்து, வீட்டுக்குப் புறப்படுமுன் காட்டுங்கள். காட்டியபின் நோயாளியைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். நாள்பட்ட ஆஸ்துமாக்காரர்களே இன்ஹேலரை அழுத்திவிட்டு அதன்பின் மூச்சை இழுப்பதைப் பார்க்கலாம். மருந்தெல்லாம் நாக்கில் படிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு தட்டில் பரப்பிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அரசு அட்டையில் அம்லோடிபின் என்று மூலப்பெயர் இருக்கும். உங்கள் மருந்தகம் கொடுத்ததில் ஏதோ ஒரு வணிகப் பெயர். இரண்டும் ஒன்று என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. ஆச்சி இரண்டையும் விழுங்கிக் கால் வீங்கி வந்து நிற்பார். வீக்கத்துக்கென்று மூன்றாவதாக ஒரு மாத்திரை எழுதப்படும். மகள் அனுப்பும் ஒரே ஒரு படம் இதை முன்கூட்டியே காட்டிவிடும். அந்தக் கால் வீக்கத்தைப் பக்கவிளைவாகப் பதிவுசெய்ய வேண்டியிருந்தால், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் செயலியும் 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கின்றன. மருந்தாளுநரே பதிவு செய்யலாம்.

கருவியின் சுத்தம் பற்றி யாரும் கேட்பதில்லை. படுக்கைக்குப் படுக்கை போகும் டேப்பைப் பணி மாறும்போதும், தொற்று நோயாளியைத் தொட்டபின்னும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும். உறையில் துணி, தோல் வேண்டாம். ஊசி மருந்து கலக்கும் அறைக்குள் யாருடைய கைபேசியும் போகக் கூடாது.

எல்லாம் நின்றுபோகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, நாட்டின் பெரிய மருத்துவமனை பல நாட்கள் தாளிலும் பேனாவிலும் ஓடியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது மின்சாரமும் இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தோடு பேசவே வழியில்லாமல் போனது. அன்று கணினிக்குள் மட்டும் மருந்துப் பட்டியல் வைத்திருந்த வார்டில் இரவு மருந்து எப்படிக் கொடுத்திருப்பார்கள்? ஒவ்வொரு மாலையும் வார்டுவாரியாக மருந்து அட்டவணையை அச்சிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். மறுநாள் காலை கிழித்துப்போடலாம். காகிதச் செலவு என்று கணக்காளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

இனி உங்கள் பட்டியல். ஆறு டேப்புக்கான பணத்தில் இரண்டு டேப் வாங்குங்கள்: ஒன்று மருந்தாளுநர் ரவுண்டு போக, மற்றொன்று வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குக் காட்ட. மிச்சப் பணத்தில் லேபிள் பிரிண்டர் ஒன்று, சதுரக் குறியீட்டையும் படிக்கும் ஸ்கேனர் ஸ்டோருக்கும் கவுன்ட்டருக்குமாக இரண்டு, குளிர்சாதனப் பெட்டிக்கு வெப்பப் பதிவி, பிரிண்டருக்கும் வைஃபைக்கும் யுபிஎஸ், இரவுச் சீட்டுகளுக்கென்று சாதாரணக் கைபேசி ஒன்று. வார்டு ஸ்கேனிங்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். லேபிள் ஒட்டும் பழக்கம் நிலைத்தபின் ஒரே ஒரு வார்டில் தொடங்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு அதற்கு ஏற்றது, படுக்கை குறைவு, ஆபத்தான மருந்து அதிகம்.

பெரிய மென்பொருள் இல்லாமல் மருந்து இருப்பை ஒழுங்குபடுத்த முடியாது என்று யாராவது சொன்னால் 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் எடுக்கும் மருந்தைக் கணக்கு வைக்க ஒரு பாஸ்புக், மாவட்டக் கிடங்குகளில் கணினி என்று கைபேசி பரவாத காலத்திலேயே மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஓட்டினார்கள்.

மென்பொருள் விற்க வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். பேட்ச் வாரியாக இருப்பு காட்டுமா, அதாவது ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னால் அது எந்த நோயாளிகளுக்குப் போயிருக்கிறது என்று சொல்லுமா? லேபிளில் தமிழ் எழுத்து உடையாமல் அச்சாகுமா? இதற்கு வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள், உங்கள் பிரிண்டரில் 'தொண்டை', 'கொப்பளிக்க' என்று அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். இணையம் போனால் எவ்வளவு நேரம் தனியாக ஓடும்? ஒப்பந்தம் முடிந்தால் மருந்துப் பட்டியலும் இருப்பு விவரமும் எக்செல் கோப்பாக எங்கள் கைக்கு வருமா? கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் நெளிவார்கள். அதற்கான பதிலைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கியபின் முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.